செல்லூரும் செம்புக் கம்பியும்

மதுரை மாநகரைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் அநேகமாய் வைகை நதியின் தென்கரையோடு நின்றுவிடுகிறார்கள். மீனாக்ஷி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், புது மண்டபம், மாரியம்மன் தெப்பக்குளம் இவற்றைப் பார்த்து முடிப்பதற்குள்ளேயே பிரயாணிக்குக் கால் ஓய்ந்து போகிறது. கையிலுள்ள பணமும் ஓய்ந்து போகிறது. ரயிலேறி ஊர் போய்ச் சேர்ந்து, "மதுரையைப் பார்த்தாயிற்று" என்று சொல்லிக் கொள்கிறார். ஆனால் ஆற்றுக்கு அக்கரையிலும் ஒரு மதுரை இருக்கிறது. அங்கே கோபுர தரிசனம் செய்துவைக்க வழிகாட்டி யாரும் வருவதில்லை. வளையல் கடைக்காரர்கள் கூவி அழைப்பதில்லை. அங்கே மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கார மதுரையின் முக்கியமான பேட்டைகளில் ஒன்று செல்லூர்.

அந்தச் செல்லூருக்கு நாம் போனது க்ஷேத்திர யாத்திரையாக அல்ல. கம்பி முறுக்கக் கற்றுக்கொள்வதற்காக! "கம்பியா? என்ன கம்பி?" என்று நேயர்கள் புருவத்தை உயர்த்தக் கூடும். பாட்டுப் பெட்டியிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகிறதே, அந்த ஸ்பீக்கர் ஒயர்தான். இந்தச் சிறிய விஷயத்துக்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பே மாட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியார் நண்பரின் வழக்கு

நம்முடைய நண்பர் ஒருவர் மதுரையில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். சங்கீதப் பித்து உள்ளவர். எம். எஸ். சுப்புலக்ஷ்மி, மதுரை மணி ஐயர், மதுரை சோமு இவர்களுடைய பாட்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். பழைய ஆம்பிளிபையர் ஒன்றையும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் மலிவாக வாங்கி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்பது அவருக்கு வழக்கம்.

சென்ற வருஷம் அவர் வீடு மாற்றினார். புது வீட்டில் எல்லாவற்றையும் பூட்டிக் கேட்டபோது, என்னவோ குறைந்திருந்தது. குரல் கேட்டது; பிடில் கேட்டது; மிருதங்கத்தின் வலந்தலை கூடக் கேட்டது. தொப்பியின் 'தொம்' என்ற நாதத்தை மட்டும் காணவில்லை! "மிருதங்க வித்வான் ஒரு கையை வீட்டில் வைத்துவிட்டு வந்தது போல் இருக்கிறது" என்றார் நண்பர்.

ஒரு கடையில் போய் விசாரித்தார். கடை இளைஞர் மிகுந்த அனுதாபத்துடன் கேட்டுவிட்டு, "சார், உங்கள் ஒயர் சரியில்லை. இதை இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள்" என்று பாம்புச் சட்டை போலப் பளபளக்கும் அயல்நாட்டுக் கேபிள் ஒன்றை நீட்டினார். விலையையும் சொன்னார். நண்பர் தம் பெண்ணுக்கு வீணை வாங்குவதற்காக மூன்று வருஷமாய் மாதாமாதம் எடுத்து வைத்திருந்த தொகை ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. வீணையா, கேபிளா என்ற தர்மசங்கடத்தோடு நம்மிடம் வந்தார். "கேட்பதற்கே சாதனம் சரியில்லாத வீட்டில் வாசிக்கக் கற்றுக்கொண்டுதான் என்ன பயன்?" என்று தமக்குத் தாமே நியாயம் வேறு சொல்லிக் கொண்டார்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிடலாம் என்று நாம் யோசனை கூறினோம். கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் கட்டுகிற தொழிலாளி ஒருவர் செல்லூரில் நமக்குப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கேபிளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இருவரும் புறப்பட்டோம்.

ஆற்றைக் கடந்து

சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் வழியாக வடக்கே போனால் வைகை வந்துவிடும். கிழக்கே சற்றுத் தூரத்தில் தெரிவது 1889-ஆம் வருஷம் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம். சித்திரா பௌர்ணமியன்று கள்ளழகர் ஆற்றில் இறங்கும் வைபவத்தின்போது அந்தப் பாலத்திலும் கரையிலும் எள் போட்டால் எள் விழாது. நாம் போன அன்று ஆற்றில் தண்ணீரைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மணலும் புல்லும் நாணலுமாய், நடுவே கிழித்த கோடு போல் ஒரு சிற்றோடை. வைகையின் குணமே அதுதான். வந்தால் வெள்ளம்; வராவிட்டால் நினைவு.

வடகரையில் ஏறினதும் காற்றிலேயே வித்தியாசம் தெரிகிறது. குறுகலான தெருக்கள், நெருக்கமான வீடுகள், வாசலில் உலரும் நூல் சிட்டங்கள், சில வீடுகளுக்குள்ளிருந்து ஓயாது வரும் தறிச் சத்தம். நாற்சந்தி வட்டம் ஒன்றில் கபடி வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். செல்லூர்ப் பிள்ளைகளுக்கு அந்த விளையாட்டில் அவ்வளவு பெயர்.

இங்கேதான் திருவாப்புடையார் கோயிலும் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம். பழைய பெயர் திருவாப்பனூர். சோழாந்தகன் என்னும் பாண்டிய மன்னன் சிவபூஜை செய்யாமல் ஆகாரம் தொடாதவனாம். ஒரு நாள் வேட்டைக்குப் போய்ப் பசியால் களைத்துவிட்டான். அருகில் சிவாலயம் எதுவும் இல்லை. அமைச்சர் ஒரு மர ஆப்பைத் தரையில் நட்டு, "இதோ சிவலிங்கம்" என்றார். அரசனும் பூஜித்துவிட்டு உண்டான். பிறகு உண்மை தெரிந்து அவன் கலங்கி இறைஞ்ச, இறைவன் அந்த ஆப்பிலேயே எழுந்தருளினான் என்பது தல வரலாறு. பக்தி விஷயத்தில் ஆப்பு ஆண்டவனாகலாம். அது அருளின் பெருமை. ஆனால் கடைக்காரர் எதை நட்டு எதுவென்று சொன்னாலும் கும்பிட்டுப் பணம் வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் நாம் மைக் செட்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஒரே கேள்வி

"வாங்க ஐயா, உட்காருங்க" என்று திண்ணையிலிருந்த ஆம்பிளிபையர்களை நகர்த்தி நமக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். நண்பர் தம் குறையை விஸ்தாரமாகச் சொன்னார். கேபிளையும் எடுத்துக் காட்டினார். மைக் செட்காரர் அதைத் தொடக்கூட இல்லை. ஒரு கேள்விதான் கேட்டார்:

"வாத்தியாரய்யா, உங்க பழைய ஒயரிலே சிவப்பு, கறுப்பு அடையாளம் இருக்குதா?"

"இல்லை. இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. வாசல் மணிக்குப் போடுகிற மெல்லிய ஒயர்."

"அப்படின்னா ஒரு பெட்டியிலே மட்டும் ரெண்டு கம்பியையும் இடம் மாத்தி மாட்டிப் பாருங்க. தொப்பி வந்துடும்."

அதன் காரணத்தையும் விளக்கினார். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது, அதுதான் ஒலி. இரண்டு பெட்டிகளும் ஒரே சமயத்தில் முன்னே தள்ள வேண்டும். ஒரே சமயத்தில் பின்னே இழுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கம்பிகள் இடம் மாறிவிட்டால், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். ஒருவன் கிணற்றிலிருந்து இறைக்க, மற்றொருவன் அந்தத் தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே ஊற்றினால் வயல் நனையுமா? தாழ்ந்த நாதங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். மேல் ஸ்தாயிகளில் இது அவ்வளவாய்த் தெரியாது. அதனால்தான் குரலும் பிடிலும் பிழைத்தன; தொப்பி மட்டும் போயிற்று.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் ஒயர் மாற்றவே வேண்டாமா?" என்றார்.

"மாத்தணும் ஐயா. மணி ஒயர் ரொம்ப மெலிசு. ஆனா அதுக்கு இந்தப் பாம்பு வேண்டாம். நம்ம கையாலேயே முறுக்கிக்கலாம்" என்று எழுந்தார்.

நம்பர் ஏறினால் இழை இளைக்கும்

மைக் செட்காரர் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தமக்கையின் வீட்டில் இன்னும் ஒரு கைத்தறி ஓடுகிறது. முறுக்குவதற்கு நீளமான இடம் அங்கேதான் உண்டு என்று நம்மை அழைத்துப் போனார். நாம் போனபோது அந்த அம்மாள் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

நூல் நம்பரைப் பற்றி அவரிடம் கேட்டோம். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே அந்த நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் நூல் என்றால் ராத்தலுக்கு 20 சிட்டம். 40-ஆம் நம்பர் என்றால் 40. ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகிறது. செம்புக் கம்பிக்கும் கேஜ் கணக்கு இதே போலத்தான். 38-ஆம் கேஜ் கம்பி 22-ஆம் கேஜ் கம்பியை விட மெல்லியது. கடையில் 14/38 என்று ஒரு ஒயரைச் சொன்னால், 38-ஆம் கேஜ் இழைகள் 14 சேர்ந்தது என்று அர்த்தம். பருத்திக்கும் செம்புக்கும் ஒரே பாஷை!

இன்னொரு ஒற்றுமையும் அங்கே புரிந்தது. இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கும்போது, தனி இழைக்கு ஏற்கெனவே ஏறியிருக்கும் முறுக்குக்கு எதிர்த் திசையில் முறுக்க வேண்டும் என்றார் அந்த அம்மாள். "இல்லேன்னா பாம்பு மாதிரி சுருண்டுக்கும், பாவிலே நிக்காது" என்றார். ஒயர் முறுக்குகிறவர்களும் இதைக் கவனிப்பது நல்லது.

பந்தல்குடி வாய்க்காலின் பாடம்

ஒயர் மெல்லியதாயிருந்தால் என்ன நஷ்டம்? செல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்கப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. வடக்கே இருக்கிறது செல்லூர்க் கண்மாய். அதன் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். வாய்க்கால் குறுகியோ தூர்ந்தோ இருந்தால், பெரு மழைக் காலத்தில் நீர் போக வழியில்லாமல் தெருவுக்குள் வருகிறது. 2024 அக்டோபரில் அந்தக் கஷ்டத்தைச் செல்லூர் நன்றாக அனுபவித்தது. மின்சாரமும் அப்படித்தான். வழி குறுகினால் தடை அதிகம். ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தியில் ஒரு பங்கு வழியிலேயே உஷ்ணமாய் வீணாகிறது.

ஜெர்மானிய அறிஞர் ஓம் என்பவர் 1827-இல் வெளியிட்ட விதி இதற்கெல்லாம் ஆதாரம். தடையின் அளவுக்கும் அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். கணக்கைக் கண்டு நேயர்கள் அஞ்ச வேண்டாம்; இது பால் கணக்கை விடச் சுலபமானது. ஒரு சதுர மில்லிமீட்டர் கனமுள்ள செம்புக் கம்பி ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 0.017 ஓம் தடை கொடுக்கும். கனம் இரட்டித்தால் தடை பாதியாகும். நீளம் இரட்டித்தால் தடை இரட்டிக்கும். ஒயர் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்பதால் நீளத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இவ்வாறு வரும் மொத்தத் தடை, ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும் ஓம் எண்ணில் நூற்றுக்கு 5 பங்குக்குள் இருந்தால் போதும் என்பது அநுபவஸ்தர்களின் பொது விதி.

நண்பர் வீட்டில் ஸ்பீக்கர் 8 ஓம். ஒயர் 5 மீட்டர். அவர் போட்டிருந்த 14/38 மணி ஒயரின் கனம் கால் சதுர மில்லிமீட்டர்தான். போக வர 10 மீட்டருக்குத் தடை 0.67 ஓம், அதாவது நூற்றுக்கு 8 பங்குக்கு மேல். இது அதிகம். அதே இடத்தில் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் தடை 0.115 ஓம், நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கூட இல்லை. இந்தக் கம்பியை 8 ஓம் ஸ்பீக்கருக்கு 17 மீட்டர் வரைக்கும், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 8 மீட்டர் வரைக்கும் தாராளமாய்ப் போடலாம். அதற்கு மேல் போனால் 2.5 சதுர மில்லிமீட்டர் வாங்கிக்கொள்ளலாம். நடுத்தரக் குடும்பத்துக் கூடத்துக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

"அப்படியானால் திருவிழாவில் அரை மைல் தூரம் மெல்லிய ஒயரை மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு போகிறீர்களே, அது எப்படி?" என்று மைக் செட்காரரை மடக்கினோம். அவர் மடங்கவில்லை. குழாய் ஒலிபெருக்கிகளுக்கு மின்சாரத்தை 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் சிறு டிரான்ஸ்பார்மர் அதை இறக்கிக் கொள்கிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் அனுப்ப 28 வோல்ட்டும் மூன்றரை ஆம்பியரும் வேண்டும். அதே 100 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் ஒரே ஆம்பியர் போதும். கம்பியில் நேரும் நஷ்டம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. நீலகிரிப் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து 1932 முதல் சமவெளிக்கு மின்சாரத்தை உயர்ந்த வோல்ட்டில் இறக்கியதும் இதே தந்திரத்தினால்தான். ஆனால் 100 வோல்ட் தொட்டால் அடிக்கும். வீட்டுக்கு அது வேண்டாம்.

முறுக்கும் முறை

வேண்டிய சாமான்கள் சொற்பம். மின்சாரச் சாமான் கடையில் வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள, வளையக் கூடிய 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. ஒயர் வெட்டும் கொறடு. மேலுறை நீக்கக் கூர்மையான கத்தி. அவ்வளவுதான்.

வாங்கும்போது ஒரு ஜாக்கிரதை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பியும் கடைகளில் கிடைக்கிறது. அது கைக்கு லேசாக இருக்கும். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். செம்பு கடத்தும் மின்சாரத்தில் அலுமினியம் கடத்துவது நூற்றுக்கு 60 பங்குதான். ஆகவே சுரண்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

முறுக்கும்போது நீளம் சற்றுக் குறையும். 5 மீட்டர் வேண்டுமானால் ஐந்தரை மீட்டராய் வெட்டிக்கொள்ள வேண்டும். மைக் செட்காரர் சிவப்பையும் கறுப்பையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரு முனையைத் தறிமரத்தில் கட்டினார். மறு முனையைக் கையால் சுழற்றும் துளைக் கருவியின் வாயில் பொருத்தினார். ஒயரைத் தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு மெல்லச் சுழற்றினார். இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு முறுக்கு விழுந்ததும் நிறுத்தினார். வீட்டில் ஜன்னல் கம்பியே தறிமரம். துளைக் கருவி இல்லாதவர்கள் ஒரு கொக்கியை வைத்துக் கையாலேயே முறுக்கலாம். நண்பரும் ஒரு ஒயர் முறுக்கினார். முதலில் கோணலாய் வந்தது, பிறகு சீராகிவிட்டது.

இவ்வாறு முறுக்குவதால் கம்பிகள் நெருங்கி நிற்கின்றன. சுற்றுப்புறத்து மின் சலனங்கள் ஏறுவது குறைகிறது. தரையில் கிடந்தாலும் காலில் சிக்குவதில்லை. நான்கு ஒயர்களைச் சடை பின்னுவது போல் பின்னுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகாயிருக்கும். ஆனால் மிக நெருக்கமாய்ப் பல இழைகளைப் பின்னிவிட்டால் மின்தேக்கம் அதிகமாகிச் சில ஆம்பிளிபையர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சடை பெண் குழந்தைக்கு அழகு. ஒயருக்குச் சாதாரண முறுக்குப் போதும்.

முனைகளில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலுறையை நீக்க வேண்டும். உள்ளிழைகள் அறுந்துவிடக் கூடாது. பிறகு இழைகளைக் கையால் முறுக்கி, ஒரு மயிரிழை கூட வெளியே நீட்டாமல் திருகுக்குள் நுழைத்து இறுக்க வேண்டும். ஒரே ஓர் இழை பக்கத்துத் திருகைத் தொட்டாலும் ஆம்பிளிபையருக்கு ஆபத்து. திருகில் இறுக்கும் முனைக்கு ஈயம் பூசுவது சரியல்ல. ஈயம் மிருதுவான உலோகம், நாளாக ஆகத் திருகின் அழுத்தத்தில் நசுங்கி இடம் கொடுத்துவிடும், பிடிப்புத் தளரும். பூட்டிய பிறகுதான் ஆம்பிளிபையரை இயக்க வேண்டும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்பதை மந்திரம் போல் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியில் நிறக்குறி அழிந்துபோயிருந்தால் அதற்கும் வழி உண்டு. ஆம்பிளிபையரிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் டார்ச் பாட்டரியின் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் இரு முனைகளில் ஒரு க்ஷணம் தொட வேண்டும். பெரிய கூம்பு வெளியே தள்ளினால், பாட்டரியின் 'பிளஸ்' பட்ட முனையே சிவப்பு. உள்ளே இழுத்தால் எதிர்மாறு. பாட்டரியை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது; தொட்டு எடுத்துவிட வேண்டும்.

செய்யவே கூடாதது

ஒரு விஷயத்தை மைக் செட்காரர் மிக அழுத்திச் சொன்னார். குழந்தைகள் உள்ள வீடுகளில் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கர் ஒயரின் முனையில், சுவரில் சொருகும் இரண்டு முள் பிளக்கை ஒருபோதும் மாட்டக் கூடாது. "கையில் இருக்கிறதே, மலிவாயிருக்கிறதே" என்று சிலர் மாட்டிவிடுகிறார்கள். ஒரு நாள் யாராவது ஒரு சிறுவன், அதுவும் மின்சாரப் பிளக்தான் என்று நினைத்துச் சுவரில் சொருகினால், 230 வோல்ட் நேரே ஸ்பீக்கருக்குள் பாயும். ஸ்பீக்கர் கருகிப்போவது அற்ப நஷ்டம். மறு முனை வெறுங்கம்பியாய்க் கிடந்து அதை ஒரு குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்பதை எழுதவும் மனம் கூசுகிறது. இதற்கென்றே 'பனானா பிளக்' என்று ஒன்று விற்கிறது. தனித்தனி முள்ளாய் வாழைப்பழம் போல் நடுவில் பருத்திருப்பதால் அந்தப் பெயர். வேண்டுமென்பவர்கள் அதை வாங்கிப் போடட்டும். வேண்டாதவர்களுக்கு வெறும் முனையே போதுமானது.

திரைக்குப் பின்னால்

அன்று மாலை நண்பர் வீட்டில் புது ஒயரைப் பூட்டினோம். பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது ஆவர்த்தத்தில் 'தொம்' என்று தொப்பி விழுந்தது! நண்பரின் முகத்தில் தோன்றிய பிரகாசத்தை வர்ணிக்க நமக்குச் சக்தியில்லை.

ஆனாலும் மனித மனத்தில் சந்தேகம் லேசில் போகிறதா? "அந்த அயல்நாட்டுக் கேபிளைப் போட்டால் இன்னும் நன்றாயிருக்குமோ?" என்றார். சரி, பரீக்ஷித்து விடுவோம் என்று தீர்மானித்தோம். ஆம்பிளிபையருக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம். நண்பருடைய பெண் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் காசைச் சுண்டி, பூ விழுந்தால் செல்லூர் ஒயர், தலை விழுந்தால் அயல்நாட்டுக் கேபிள் என்று மாற்றிப் பூட்டினாள். மாற்றும்போதெல்லாம் ஆம்பிளிபையரை நிறுத்தினாள். ஒலி அளவைத் தொடவில்லை. ஒரே பாட்டின் ஒரே பகுதி. நண்பர் வெளியில் இருந்து, "இது அது", "இது இது" என்று காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டு குறிப்பையும் ஒத்துப் பார்த்தோம். ஏறக்குறையப் பாதி சரி, பாதி தப்பு. கேட்காமலேயே காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரியாயிருந்திருக்கும்! எந்த ஒயர் என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தபோது மட்டும், "ஆகா, இதில் நாதம் தனி" என்று அவரே சொல்லியிருந்தார்.

விலையுயர்ந்த கேபிள் முழுவதும் மோசடி என்று நாம் சொல்ல வரவில்லை. அதன் முனைகள் உறுதியானவை, தங்க முலாம் துருப்பிடிக்காது, உறை அழகானது. வெள்ளி செம்பை விடச் சற்று நன்றாய் மின்சாரம் கடத்தும் என்பதும் உண்மை. நூற்றுக்கு 5, 6 பங்குதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைச் சமன் செய்யச் செம்பை அதே அளவுக்குக் கொஞ்சம் கனமாய்ப் போட்டால் தீர்ந்தது. உயர் ஸ்தாயியில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் மட்டும் ஓடும் என்று பயமுறுத்துவார்கள். காதுக்கு எட்டும் உச்சமாகிய 20,000 அதிர்வில் கூடச் செம்புக்குள் அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் ஆழம் இறங்குகிறது. நம் வீட்டுக் கம்பிக்கு அது தாராளம். பணம் மிகுந்தவர் அழகுக்காக வாங்குவது அவர் இஷ்டம். வீணைக்கு வைத்த பணத்தில் கை வைப்பதற்கு அதில் நியாயம் இல்லை. நண்பர் மறுநாளே கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தறியும் தந்தியும்

மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீடு உண்டு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தியடிகள் அங்கே தங்கியிருந்தபோதுதான், ஏழைக் குடியானவனைப் போல முழத்துண்டு மட்டும் உடுத்துவது என்று விரதம் பூண்டார். இன்று அந்த இடத்தில் கதர் விற்பனை நிலையம் நடக்கிறது. வீடு தோறும் ராட்டை சுற்றச் சொன்ன அவர், நூற்பதனால் கிடைக்கும் கூலியை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. ஒரு முழம் நூலை நூற்றவனுக்குத் துணியின் விலையில் எது உழைப்பு, எது வெளிப்பகட்டு என்று தெரிந்துவிடுகிறது. ஒரு ஒயரை முறுக்கியவனுக்கும் அப்படியே. செய்யத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

ஆனால் இதில் நம் மனத்தை உறுத்தும் பக்கமும் ஒன்று உண்டு. செல்லூரில் அந்த அம்மாளின் தெருவில் முன்பு வீட்டுக்கு வீடு கைத்தறி இருந்ததாம். விசைத்தறி வந்து அதன் இடத்தைப் பிடித்தது. பிள்ளைகள் மைக் செட்டுக்கும் மின்சார வேலைக்கும் வேறு கூலிகளுக்கும் போய்விட்டார்கள். "எனக்கப்புறம் இந்தத் தறியிலே உட்கார ஆள் இல்லே" என்று அவர் சாதாரணமாய்ச் சொன்னார், மழை வராது போலிருக்கிறது என்று சொல்கிறவரைப் போல. அயல்நாட்டுக் கேபிளுக்கு யோசிக்காமல் கொடுக்கத் துணிந்த நாம், அந்தத் தறியில் நெய்த துண்டுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கிறோம். ஒயரை வீட்டிலேயே முறுக்கி மிச்சம் பிடிக்கும் நேயர்கள், மிச்சத்தில் ஒரு பங்கைக் கைத்தறித் துணிக்குப் பேரம் பேசாமல் கொடுத்தால், வைகையின் வடகரையில் ஒரு தறியாவது கூடுதலாய் ஓடும். நண்பர் அன்றே இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார். சொன்ன விலைக்கே வாங்கினார்.

நேயர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். ஒயர் முறுக்கிப் பூட்டிவிடலாம். ஒலி நன்றாய் வரத்தான் போகிறது. அந்த உற்சாகத்தில் ஒன்றை மறந்துவிட வேண்டாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்திய சட்ட விதி. மைக் செட்காரர் திருவிழாவிலும் அதற்குக் கட்டுப்படுகிறார். வீட்டுக்குள் அவ்வளவு கண்டிப்பு இல்லாவிட்டாலும், பத்து மணி அடித்ததும் ஒலியைக் கொஞ்சம் தணித்துவிடுவது நலம். நம்மைப் போலவே அடுத்த வீட்டுக்காரருக்கும் காது இரண்டு!